ஆறு வாரத்து ரத்தம்

கீழைக் குடியரசு அரிசி வாங்கிக் குவிக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் அரிசி. பிறகு சோயா, செம்பு, கச்சா எண்ணெய். உலகச் சந்தையில் எது விலைக்கு வந்தாலும் அவர்களுடைய கப்பல் ஒன்று அங்கே முன்கூட்டியே போய் நின்றது. போதாக்குறைக்கு, படைச் செலவை ஒரே பட்ஜெட்டில் இரு மடங்காக்கியிருந்தார்கள். இத்தனையும் எதற்கு? சென்னை தரமணியில், தென்கடல் கூட்டமைப்பின் பாதுகாப்பு அவை கூடியிருந்த அறையில் அன்று காலை எல்லோருடைய நெஞ்சையும் அழுத்திக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

கூட்டமைப்பு என்பது கடலோர நாடுகள் சில சேர்ந்து, இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அமைத்துக்கொண்டது. குடியரசு வளர வளர, சின்ன நாடுகளெல்லாம் பயந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று சொன்னாலும் தவறில்லை.

“நூத்துக்கு எழுபத்தொண்ணு,” என்றார் அவைத் தலைவர் கோதண்டபாணி. “போர் வரும்னு நிறைகோல் சொல்லுது. வராதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. மெஷின் தப்பா, நீங்க தப்பாம்மா?”

அவர் பார்த்தது ஜெசிந்தாவை. சரக்கு மதிப்பீட்டுப் பிரிவின் தலைமை ஆய்வாளர். தூத்துக்குடிக்காரி. அப்பாவும் சித்தப்பாக்களும் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள். எந்த மூட்டை எந்த ஊருக்கு, எதற்காகப் போகிறது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள்.

நிறைகோல் என்பது கூட்டமைப்பின் பெரிய கணினி அமைப்பு. விண்ணிலிருந்து எண்ணெய்த் தொட்டிகளின் நிழலைப் பார்த்து உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிவிடும். சரக்கு ரயில் போன பின் தண்டவாளத்தில் மிச்சமிருக்கும் சூட்டை வைத்துப் பெட்டிகளின் எடையைச் சொல்லும். செய்தித்தாள், விளம்பரம், பள்ளிக்கூட அறிவிப்பு என்று எந்த மொழியில் எது வந்தாலும் படித்துவிடும். ஒரு நாட்டின் களஞ்சியத்தில் இருப்பது அந்த நாட்டு அமைச்சரைவிட நிறைகோலுக்கு நன்றாகத் தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

“மெஷின் தப்பில்ல சார்,” என்றாள் ஜெசிந்தா. “அது எண்ணுது. சேர்த்துட்டாங்கன்னு சொல்லுது. எதுக்குச் சேர்க்கிறாங்கன்னு அதுக்குத் தெரியாது. புயல் வருதுன்னு சொன்னா எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வச்சுருவாங்க. ஊரைக் கொளுத்தவா வாங்குறாங்க? பயந்தவனும் சேர்ப்பான், அடிக்கப் போறவனும் சேர்ப்பான். குவியலைப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.”

“அப்போ எப்படித்தான் பிரிச்சுப் பாக்குறது?”

“ரத்தம் சார்.”

அறையில் ஒருவர் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

“அரிசி வருஷக்கணக்கா கெடாது. எண்ணெய் கெடாது. செம்பு நாம சாகுற வரைக்கும் கெடாது. அதனால அதையெல்லாம் எவனும் எப்ப வேணா வாங்கி வைக்கலாம். போர்னு முடிவு பண்ணவன் மட்டும் ஒண்ணு சேர்த்தாகணும். அடிபட்ட சிப்பாய்க்கு ஏத்துறதுக்கு ரத்தம். அது குளிர்ல வச்சாலும் ஆறு வாரத்துக்கு மேல நிக்காது. சீக்கிரமே சேர்த்து வச்சா வீணாப் போயிடும். ரத்தத்தைச் சேர்க்க ஆரம்பிச்சாங்கன்னா, தேதி குறிச்சாச்சுன்னு அர்த்தம்.”

“உறைய வைக்கலாமே? செயற்கை ரத்தம்னு என்னமோ சொன்னாங்களே?”

“உறைய வச்சதை உருக்கிக் கழுவி எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரி வேணும். போர்க்களத்துக்கு ஆகாது. செயற்கை ரத்தம் இன்னும் சோதனையிலதான் இருக்கு. குடியரசுல எந்த ஆஸ்பத்திரியிலாவது ரத்தம் இல்லைன்னு நோயாளியைத் திருப்பி அனுப்புறாங்களான்னு நாங்க தேடிட்டே இருக்கோம். இதுவரைக்கும் ஒரு ஊர்லகூட அப்படி நடக்கல. அதனாலதான் சொல்றேன். அவங்க பயந்துபோய்ச் சேர்க்கிறாங்க. அடிக்கிறதுக்கு இல்ல.”

கோதண்டபாணி தலையசைத்தார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, “நம்மகிட்ட எவ்வளவு இருக்கு?” என்றார்.

“எது சார்?”

“ரத்தம்.”

நிறைகோல் மையத்தின் இயக்குநர் வேதமூர்த்தி குறுக்கிட்டார். “நிறைகோல் நம்ம பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது சார். சட்டத்துல தடை இருக்கு.”

“தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்,” என்று கோதண்டபாணி எழுந்துகொண்டார்.

காத்திருப்போம், கவனிப்போம் என்று அவை கலைந்தது. ஜெசிந்தாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒரு போரைத் தள்ளிப்போட்டுவிட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டாள். கீழே இறங்கி வந்து, மகன் ஆல்வினுக்குப் பிடித்த அன்னாசி கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆல்வினுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரியாகச் செய்துகொள்ளாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டால்தான் அவனால் ஓட முடியும், படிக்க முடியும், சண்டை போட முடியும். மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்றாலும் அது எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டவர்களிலும் வசதி இருந்தவர்களுக்கே கிடைத்தது. ஆல்வினுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் இசைவாணிக்கு வசதி இல்லை.

இசைவாணியின் அம்மா செண்பகம் பொன்னேரியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். மாதக்கணக்கில் ஒரே வார்டில் பார்த்துப் பழகியவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஆல்வின் அம்மா’, ‘வாணி அம்மா’. அவ்வளவுதான்.

அவைக் கூட்டம் முடிந்து ஒரு மாதம் போயிருக்கும். கோட்டூர்புரத்து மருத்துவமனைக்கு ஆல்வினை அழைத்துக்கொண்டு போனபோது, வார்டு வாசலிலேயே செண்பகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாணி சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“உள்ள போகலையா வாணி அம்மா?”

“எங்க போறது ஆல்வின் அம்மா? ரத்தம் இல்லியாம். போன வாரமும் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் இல்லன்றாங்க.”

உள்ளிருந்து வந்த நர்ஸ் மெர்லின் கையைப் பிசைந்தாள். “எங்களுக்கும் புரியல மேடம். எப்பவும் இல்லாத அளவுக்கு கேம்ப் நடக்குது. காலேஜ், ஐ.டி. கம்பெனி, மில்லு, எல்லா இடத்துலயும் க்யூவில நின்னு குடுக்கிறாங்க. ஆனா எங்களுக்கு ஒரு பை வர மாட்டேங்குது. எந்த பிளட் பேங்குக்குப் போன் பண்ணாலும் ‘மேலேருந்து ஆர்டர், ஒதுக்கி வச்சிருக்கோம்’னு சொல்றாங்க. யாருக்கு ஒதுக்கினாங்கன்னு சொல்ல மாட்டேங்குறாங்க.”

அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘இன்று ரத்தம் இருப்பு இல்லை.’

ஜெசிந்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது. குடியரசின் ஊர் ஊராக, அந்த மொழியில், நிறைகோலின் கண்ணால் தேடியும் கிடைக்காத வாக்கியம். இப்போது தமிழில், தன் மகன் படுக்கிற வார்டின் கதவில் தொங்குகிறது.

“அம்மா, உக்காரலாமா? கால் வலிக்குது,” என்றான் ஆல்வின்.

மறுநாள் அலுவலகத்தில் இம்தியாஸைத் தனியாக அழைத்துப் பேசினாள். நிறைகோலைப் பராமரிக்கும் பொறியாளர்களில் அவன் ஒருவன். ஜெசிந்தாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“நிறைகோலுக்கு நம்ம நாடு தெரியுமா, தெரியாதா?”

“எல்லாம் தெரியும்க்கா. உலகம் பூராத்தையும்தான் அது பாக்குது. நம்ம பக்கத்துக்கு மட்டும் ஒரு திரை போட்டு வச்சிருக்கோம். பாக்கும், ஆனா கணக்குல எடுக்காது, வெளிய சொல்லாது.”

“அந்தத் திரையை ஒரு தடவை விலக்கணும்.”

இம்தியாஸ் கதவைச் சாத்தினான். “வேலை போயிடும்க்கா. வேலையோட முடிஞ்சா நல்லது.”

“என் பேருல, என் கடவுச்சொல்லுல பண்ணு. நீ அறையில இல்லைன்னு நான் சொல்லிக்கிறேன். வேற வழி இருந்தா உன்கிட்ட வந்திருக்க மாட்டேன்.”

அவன் விலக்கினான். தங்கள் நாடுகளின் பெயர்களை அழித்துவிட்டு, ஊர் பெயர் தெரியாத ஏதோ ஒரு தேசத்தின் விவரங்களைப்போல நிறைகோலிடம் கொடுத்தார்கள். அது தயங்கவேயில்லை. சரக்குக் கப்பல்கள் தூரத்துத் துறைமுகங்களிலிருந்து திரும்பி அழைக்கப்படுகின்றன. சிப்பாய்களின் விடுப்பு ரத்தாகியிருக்கிறது. குளிர்பதன வண்டிகள் மருத்துவமனைகளைத் தாண்டிப் படை முகாம்களுக்குப் போகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

“குடியரசு எழுபத்தொண்ணுதானே அக்கா?” என்றான் இம்தியாஸ். குரல் கம்மியிருந்தது. “அப்போ நாமதான்...”

‘நம்மகிட்ட எவ்வளவு இருக்கு?’ என்று கோதண்டபாணி கேட்டது ஜெசிந்தாவின் காதுக்குள் ஒலித்தது. போருக்கு எது கடைசித் தேவை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அவள்தான். எதிரியிடம் அது இல்லை என்று அவள் சொன்னதை, எதிரி இன்னும் தயாராகவில்லை, அடிக்க இதுதான் சமயம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேராக வேதமூர்த்தியின் அறைக்குப் போனாள். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முன்னெச்சரிக்கைன்னுதான் ஆரம்பிச்சாங்க, ஜெசிந்தா. ஒரு வேளை தேவைப்பட்டா இருக்கட்டுமேன்னு. சேர்த்து முடிச்சதும் பேச்சு மாறிடுச்சு. இவ்வளவு ரத்தம் கையில இருக்கு, கெட்டுப் போறதுக்குள்ள முடிவெடுக்கணும்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. இதைக் கொட்டிட்டு மறுபடி ஜனங்ககிட்ட கேட்டா குடுப்பாங்களான்னு கேக்கிறாங்க.”

“அப்போ ரத்தம் கெடப் போகுதேன்னு போருக்குப் போறோமா சார்?”

“கேக்க அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா அந்த அறையில உக்காந்து கேட்டா நியாயமாத்தான் தோணுது. அதான் எனக்கே பயமா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “உங்க பையனுக்கு நாள் ஆயிடுச்சு இல்ல? ஒரு பை ஏற்பாடு பண்ணித் தரேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று காலை ஆல்வின் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். “கொஞ்சம் இருங்கம்மா, வரேன்,” என்று ஒரு கிழவனைப்போலச் சொன்னான். ஜெசிந்தா தலையை மட்டும் அசைத்தாள்.

பை வந்தது. ஆல்வின் கட்டிலில் படுத்து, சிவப்பு நிறம் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் வாணிக்குக் குளுக்கோஸ் மட்டும் போட்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே வகை ரத்தம், பி பாசிட்டிவ்.

“எங்க கெடச்சுது ஆல்வின் அம்மா?” என்று கேட்டாள் செண்பகம்.

“சொந்தக்காரர் ஒருத்தர் குடுத்தாரு.”

“நல்லாருக்கட்டும்,” என்றாள் செண்பகம். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வாணியின் பக்கம் திரும்பி, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் வாணி இறந்துபோனாள். இதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். மெர்லின் போனில் சொன்னபோது ஜெசிந்தா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். கூடத்தில் ஆல்வின் பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எந்த ரத்தத்தில் அவன் குதிக்கிறான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த அவைக் கூட்டத்தில் குடியரசு பற்றிய புதிய மதிப்பீட்டை ஜெசிந்தா தர வேண்டியிருந்தது. அவள் வேறொன்றைத் தயார் செய்துகொண்டு போனாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு முதல்ல ஒரு நாட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். பேரைக் கடைசியில சொல்றேன்,” என்றாள்.

திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். திரும்பி அழைக்கப்பட்ட கப்பல்கள். ரத்தான விடுப்புகள். முகாம்களுக்குப் போகும் குளிர்பதன வண்டிகள். மருத்துவமனைக் கதவில் ஒட்டிய தாள். எழுத்துகளை மட்டும் மறைத்திருந்தாள்.

“ரத்தம் சேர்த்துட்டாங்களா?” என்றார் தளபதி ஒருவர்.

“சேர்த்துட்டாங்க. நாலு வாரம் ஆகப்போகுது. ஊருக்குள்ள புள்ளைங்களுக்கு ஏத்த ரத்தம் இல்ல. குழந்தைங்க செத்துப்போகுதுங்க.”

“அப்போ இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள அடிப்பானுங்க.” தளபதி கோதண்டபாணியின் பக்கம் திரும்பினார். “இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல சார். இந்த நாடு நம்மைக் குறி வச்சிருந்தா, நாம முந்திக்கணும். நாளைக்கே.”

“எல்லாருக்கும் அதே அபிப்பிராயம்தானா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

யாரும் மறுக்கவில்லை. கோதண்டபாணி பேனாவை மேசையில் வைத்தார். “சொந்தப் புள்ளைங்களோட ரத்தத்தைப் பிடுங்கிச் சேர்க்கிறவன் எதுக்கும் துணிஞ்சவன். முந்திக்கத்தான் வேணும். எந்த நாடு? குடியரசா, அவங்க கூட்டாளியா?”

“நாமதான் சார்.”

மறைத்திருந்த எழுத்துகளை விலக்கினாள். ‘இன்று ரத்தம் இருப்பு இல்லை’ என்று திரையில் தமிழில் வந்து நின்றது.

ஒரே சமயத்தில் நாலைந்து பேர் கத்தினார்கள். சட்டத்தை மீறிவிட்டாள் என்றார் ஒருவர். துரோகம் என்றார் இன்னொருவர். கோதண்டபாணி கையை உயர்த்தியதும் அடங்கினார்கள். அவர் முகம் கறுத்திருந்தது.

“என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியுதாம்மா?”

“புரியுது சார். இன்னும் ஒரு நிமிஷம் குடுங்க, அப்புறம் என்னை வெளிய அனுப்பிருங்க. குடியரசுலயும் இதே மாதிரி ஒரு மெஷின் இருக்கு. அதுக்குப் பக்கத்துல என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பா. நான் அவங்க ஆஸ்பத்திரியைப் பாத்துட்டு இருந்த மாதிரி, அவ நம்ம ஆஸ்பத்திரியைப் பாத்துட்டுத்தான் இருப்பா. நீங்க இப்ப சொன்னதையேதான் அங்கயும் சொல்லியிருப்பாங்க. முந்திக்கணும்னு.” மூச்சு வாங்கினாள். “அந்த ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க. ஒளிச்சு இல்ல. பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்கிற மாதிரி. நமக்கு எண்ணம் இல்லைன்னு வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான். கையில இருக்கிறதை விட்டாத்தான் நம்புவான்.”

அவளை வெளியே அனுப்பினார்கள். வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். லிப்டில் கூடவே வந்த காவலர், “உடம்பு சரியில்லையாம்மா?” என்று கேட்டார். “இல்லப்பா,” என்றாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வீட்டை விட்டு நகரவில்லை. கைது செய்ய வருவார்கள் என்று காத்திருந்தாள். தங்கையை வரவழைத்து, ஆல்வினின் மருந்துகள் எங்கே இருக்கின்றன, எப்போது எதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள். தங்கை அழுதாள். ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் மட்டும் ஜன்னலுக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் காலையில் மெர்லின் போன் செய்தாள். மூச்சிரைக்கப் பேசினாள். “மேடம், ரத்தம் வந்துடுச்சு! பட்டாள வண்டியில வந்து இறக்குறாங்க. ஃப்ரிட்ஜ் நிரம்பி வழியுது. டிவிக்காரங்ககூட நிக்கிறாங்க. ஆல்வினைக் கூட்டிட்டு வாங்க.”

அவை எப்படி அந்த முடிவுக்கு வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அரசின் கருணை என்று செய்தியில் சொன்னார்கள். அவளைக் கைது செய்யவில்லை. வேலையிலிருந்து நீக்கியதாக இரண்டே வரியில் ஓர் உத்தரவு வந்தது. இம்தியாஸின் பெயர் எங்கும் வரவில்லை. அதற்காக அவள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

போர் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. ஒரு நடுநிலைத் தீவில் இரு தரப்பும் உட்கார்ந்தன. தங்கள் கப்பல்கள் வந்துபோகும் நீரிணையை அடைத்துத் தங்களைப் பட்டினி போடக் கூட்டமைப்பு திட்டமிடுகிறது என்று குடியரசு பயந்திருக்கிறது. அரிசியும் எண்ணெயும் அதற்குத்தான் என்பது அங்கே வெளியே வந்தது.

பேச்சுவார்த்தைக் குழுவில் போய் வந்திருந்த வேதமூர்த்தி, ஆல்வினுக்கு ரத்தம் ஏற்றும் நாளில் வார்டுக்கே தேடிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சில வாரங்களில் ஆள் பாதியாகியிருந்தார்.

“நீங்க சொன்னது சரிதான். அங்க ஒருத்தி இருக்கா,” என்றார். “நடுவயசு. குட்டையா, நரைச்ச முடியோட. அவங்க குழுவுல வந்திருந்தா. சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வந்து கேட்டா, ‘ரத்தத்தைத் திருப்பிக் குடுக்கச் சொன்னது யாரு’ன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“அவை எடுத்த முடிவுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?” அவர் தரையைப் பார்த்தார். “நாம அடிக்கப் போறோம்னு அவ அப்பவே எழுதிக் குடுத்துட்டாளாம். முந்தி அடிக்க அவங்க உத்தரவுல கையெழுத்தும் ஆயிடுச்சாம். ஏவுகணையில எரிபொருள்கூட நிரப்பிட்டாங்களாம்.”

“நம்ம வண்டிங்க போறதை டிவியில பாத்து நிறுத்திட்டாங்களா?”

“இல்ல ஜெசிந்தா. அதை அவங்க நம்பவே இல்ல. காலி வண்டியைக் காட்டி ஏமாத்துறோம்னு நெனச்சாங்களாம். அவ நம்ம ரத்தப் பையை எண்ணிட்டு இருக்கல. இந்த நோய் இருக்கிற குழந்தைங்களோட அம்மாக்கள் ஒருத்தருக்கொருத்தர் செய்தி அனுப்பிக்கிறீங்க இல்ல, ‘இன்னிக்கும் ரத்தம் இல்ல, யாராவது குடுங்களேன்’னு, அதைத்தான் வரி வரியாப் படிச்சிட்டு இருந்திருக்கா. அந்த அம்மாக்கள் குரூப்ல, ரத்தம் திரும்பி வந்த அன்னிக்குக் காலையில ஒரு அம்மா ஒரு செய்தி போட்டிருக்காங்க. அதைப் பாத்துட்டுத்தான் அவ ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்கா. அதை மனப்பாடமா சொன்னா. தமிழ்லயே சொன்னா, தப்பும் தவறுமா.”

“என்னன்னு?”

“‘என் பொண்ணு போயிட்டா. அவளுக்கு இனிமே வேணாம். ஆஸ்பத்திரியில ரத்தம் வந்துடுச்சு, நான் கண்ணால பாத்தேன். புள்ளைங்களை எல்லாரும் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க.’” அவர் குரல் தடுமாறியது. “பொண்ணைப் பறிகுடுத்தவ யாரையும் ஏமாத்த இப்படி எழுத மாட்டான்னு சொன்னாளாம். இது யாருக்கும் தெரியக் கூடாது ஜெசிந்தா. உங்களுக்குச் சொல்லாம இருக்க முடியல.”

அவர் எழுந்து போன பிறகும் ஜெசிந்தா அந்த பெஞ்சிலேயே இருந்தாள். அந்தச் செய்தியை அவளும்தான் அன்று படித்திருந்தாள். படித்துவிட்டு, பதில் எழுதத் துணிவில்லாமல் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

வார்டின் மறுகோடியில் ஒரே பேச்சுச் சத்தமாக இருந்தது. ரத்த வங்கியின் வாசலில் இளைஞர்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் நின்றது. அவர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளியும் சாத்துக்குடிப் பையுமாகச் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். வாணி போன பிறகு ஜெசிந்தா அவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

“வாணி அம்மா...”

“வாங்க ஆல்வின் அம்மா. தம்பி எப்படி இருக்கான்?” முகம் வற்றியிருந்தது. “இன்னிக்கு வாணிக்கு ரத்தம் ஏத்துற தேதி. வீட்டுல இருப்பே கொள்ளல. சும்மா வந்து நிக்கிறதுக்குப் பதிலா, தெருக்காரங்களை ரெண்டு ஷேர் ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். எனக்கு எடுக்க மாட்டாங்களாம், உடம்புல ரத்தம் பத்தாதாம்.”

“அன்னிக்கு நீங்க குரூப்ல ஒரு மெசேஜ் போட்டீங்களே...”

“என்ன மெசேஜ்?” செண்பகம் யோசித்தாள். “ஆமா, போட்டேன். வாணியோட டிஸ்சார்ஜ் பேப்பரு வாங்க வந்தேன். வண்டியில இறக்கிட்டு இருந்தாங்க. மத்த புள்ளைங்க காத்துட்டு இருக்குமேன்னு போட்டேன். ஏன், தப்பா எதுனா எழுதிட்டேனா?”

“இல்ல வாணி அம்மா.” ஜெசிந்தா இன்னும் பக்கத்தில் போனாள். சொல்லக் கூடாதது ஒன்று இருந்தது. சொல்லியே ஆக வேண்டியது இன்னொன்றும் இருந்தது. “அன்னிக்கு ஆல்வினுக்கு ஏத்துனாங்களே ஒரு பை. சொந்தக்காரர் குடுத்தாருன்னு சொன்னேன்...”

“பட்டாளத்து முத்திரை இருந்துச்சு அதுல,” என்றாள் செண்பகம். “பக்கத்துலதானே இருந்தேன். கண்ணு தெரியாதா எனக்கு?”

“அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பீங்களா?”

கோபமில்லாமல்தான் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள்போலக் கேட்டாள். ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

செண்பகம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வரிசையின் பக்கம் திரும்பினாள். “ஏய் கதிரவா, சாப்பிட்டியா இல்லியா? வெறும் வயித்துல குடுத்துட்டு மயக்கம் போட்டு விழுந்தீன்னா நான் தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்.” சாத்துக்குடிப் பையை எடுத்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள். “ஆளுங்க நெறைய இருக்காங்க. நறுக்கிக் குடுங்க, நான் பிழியறேன்.”

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து, முதல் பழத்தை எடுத்து நறுக்கினாள்.